பயந்தால் நிற்கும் இருதயம்: மருந்து உண்டு, கைக்கு எட்டுகிறதா?

ஜெர்மனியில் லீப்சிக் என்று ஒரு நகரம். அங்கே காது கேளாத, பேச வராத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஒரு நாள் சிறுமி ஒருத்தி ஏதோ சின்னத் தவறு செய்துவிட்டாள். பள்ளிக்கூடத் தலைவர் அவளை எல்லார் முன்னிலையிலும் கண்டிப்பதற்காக அழைத்தார். சிறுமி முன்னால் வந்து நின்றாள். அடுத்த கணம் சுருண்டு விழுந்தாள். பார்த்தால் உயிர் இல்லை!

செய்தி பெற்றோருக்குப் போயிற்று. அவர்கள் ஆச்சரியப்படவில்லை. ஏன் தெரியுமா? அவர்களுடைய இன்னும் இரண்டு பிள்ளைகள் முன்பே இப்படித்தான் போயிருந்தன. ஒன்று பெரிய பயத்தினால் இறந்தது. மற்றொன்று கடுங்கோபம் வந்தபோது இறந்தது.

மெய்ஸ்னர் என்ற டாக்டர் 1856-ம் ஆண்டில் இதை எழுதி வைத்தார். காரணம் என்ன என்று அவருக்கு விளங்கவில்லை. மருந்தும் இல்லை.

நம் ஊரில் இப்படி நடந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "பேய் அறைந்துவிட்டது" என்பார்கள். "குலதெய்வக் குற்றம்" என்பார்கள்.

இன்று காரணம் தெரியும். மருந்தும் இருக்கிறது. புது மருந்து அல்ல. 60 ஆண்டுகளுக்கு முன்பே வந்த மருந்து. விலை உயர்ந்ததும் அல்ல. ஆனாலும் பிள்ளைகள் இன்னும் விழுகிறார்கள். ஏன்? நோயை அடையாளம் காணத் தவறுகிறோம் என்பது ஒன்று. மருந்தை விடாமல் கொடுக்கத் தவறுகிறோம் என்பது இரண்டு. மூன்றாவது காரணம்தான் வேதனையானது. இப்படிப்பட்ட பழைய மருந்துகள் சில, பல நாடுகளில் கடையிலேயே கிடைப்பதில்லை!

நார்வே நாட்டுக் குடும்பம்

மெய்ஸ்னர் எழுதி நூறு ஆண்டுகள் சென்றன. 1957-ல் நார்வே நாட்டு டாக்டர்கள் இருவர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். ஒருவர் ஜெர்வெல். மற்றவர் லாங்கே-நீல்சன். அந்தக் குடும்பத்தில் ஆறு குழந்தைகள். நான்கு குழந்தைகளுக்குப் பிறவியிலேயே காது கேளாது. அந்த நால்வருக்கும் அடிக்கடி மயக்கம் வரும். அவர்களில் மூவர் திடீரென்று இறந்துபோனார்கள்.

லீப்சிக் சிறுமியின் காலத்தில் இல்லாத ஒரு கருவி இந்த டாக்டர்களிடம் இருந்தது. அதுதான் ஈ.சி.ஜி. இருதயத்தில் ஓடும் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக எழுதிக் காட்டும் கருவி.

இருதயத்தில் மின்சாரமா என்று கேட்கலாம். ஆம். இருதயம் ஒரு பம்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் அதற்குள்ளேயே சிறிய மின்சார ஓட்டம் ஒன்று பிறக்கிறது. துடித்து முடிந்ததும், அடுத்த துடிப்புக்குத் தயாராகச் சிறிது நேரம் வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு இந்தத் தயாராகும் நேரம் அளவுக்கு மீறி நீண்டிருந்தது. ஈ.சி.ஜி. கோட்டில் இந்த நேரத்துக்குக் 'கியூ-டி' என்று பெயர். ஆகவே நோய்க்கு 'நீண்ட கியூ-டி' என்று பெயர் வந்தது.

தயாராகாத நேரத்தில் இருதயத்தை யாராவது விரட்டினால் என்ன ஆகும்? துடிப்பு தாறுமாறாகிவிடும். பம்பு அடிக்காது; வெறுமனே நடுங்கும். மூளைக்கு ரத்தம் போகாது. பிள்ளை மயங்கி விழும். சில விநாடிகளில் இருதயம் தானே சரியானால் பிள்ளை கண் விழிக்கும். சரியாகாவிட்டால் மரணம்.

1963-ல் இத்தாலியில் ரோமானோ என்ற டாக்டரும், 1964-ல் அயர்லாந்தில் வார்டு என்ற டாக்டரும் தனித்தனியே வேறொரு செய்தியைச் சொன்னார்கள். காது நன்றாகக் கேட்கும் பிள்ளைகளுக்கும் இதே நோய் வரும் என்பதே அது. பின்னால் இத்தாலியில் 44,000-க்கு மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளுக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 2,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் குறை உண்டு என்று 2009-ல் கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்குப்படி, 2,000 பேர் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை!

தார்க்குச்சியும் மூக்கணாங்கயிறும்

இருதயத்தை விரட்டுவது யார்? நம் நரம்புகள்தான்.

மாட்டு வண்டி ஓட்டுகிறவர் கையில் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று தார்க்குச்சி, அது மாட்டை விரட்டும். மற்றொன்று மூக்கணாங்கயிறு, அது மாட்டை அடக்கும். இருதயத்துக்கும் அப்படியே இரண்டு நரம்பு வகைகள் உண்டு. ஒன்று வேகப்படுத்தும். மற்றொன்று வேகத்தைக் குறைக்கும். பயந்தாலும் ஓடினாலும் கோபப்பட்டாலும் தார்க்குச்சி நரம்பு வேலை செய்யும். படுத்து உறங்கும்போது மூக்கணாங்கயிறு நரம்பின் கை ஓங்கும்.

நரம்பு எப்படி இருதயத்தோடு பேசுகிறது? இதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவில் வேலை பார்த்த ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி. 1921-ல் நடந்தது அது. அதற்கான சோதனை அவருக்குக் கனவில் வந்தது! பாதி இரவில் எழுந்து காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கினார். காலையில் பார்த்தால் தாம் எழுதியது தமக்கே புரியவில்லை. மறுநாள் இரவு அதே கனவு மீண்டும் வந்தது. இந்தத் தடவை அவர் படுக்கவில்லை. நேரே சோதனைச் சாலைக்கு ஓடினார்.

இரண்டு தவளைகளின் இருதயங்களை எடுத்தார். ஒன்றின் அடக்கும் நரம்பைத் தூண்டினார். அந்த இருதயம் மெதுவாகத் துடித்தது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து மற்ற இருதயத்தில் விட்டார். நரம்பே தொடாத அந்த இருதயமும் மெதுவாயிற்று! நரம்பு ஒரு ரசாயனப் பொருளை விடுகிறது. அதன் மூலமாகவே இருதயத்துக்கு உத்தரவு போகிறது என்பது விளங்கிவிட்டது. இதற்காக 1936-ல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது.

வேகப்படுத்தும் உத்தரவு அட்ரினலின் இனத்தைச் சேர்ந்த பொருள்கள் மூலம் போகிறது. நமக்குப் பயம் வந்தால் நெஞ்சு படபடவென்று அடிப்பதற்கு இவையே காரணம். நல்ல இருதயத்துக்கு இதனால் கெடுதல் இல்லை. பயம் போனால் படபடப்பும் போய்விடும். மின்சாரத்தில் பிறவிக் குறை உள்ள இருதயத்துக்கோ அதே உத்தரவு எமனாகிவிடுகிறது.

ஓட்டம், ஓசை, உறக்கம்

எல்லாப் பிள்ளைகளும் ஒரே காரணத்தால் விழுவதில்லை. நீண்ட கியூ-டி நோயில் பல வகைகள் உண்டு. ஒரு வகைக்காரர்கள் ஓடும்போதும் நீந்தும்போதும் விழுகிறார்கள். இரண்டாம் வகைக்காரர்கள் திடீர் ஓசை கேட்டு விழுகிறார்கள். அலாரம் கடிகாரம் அடித்தால் போதும். டெலிபோன் மணி ஒலித்தால் போதும். மூன்றாம் வகைக்காரர்களுக்கு உறக்கத்தில் ஆபத்து.

இன்னொரு நோயும் இருக்கிறது. 1978-ல் பிரான்ஸ் நாட்டு டாக்டர் பிலிப் கூமெல் நான்கு குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஓடினால், விளையாடினால், உணர்ச்சி வசப்பட்டால் அந்தக் குழந்தைகளின் துடிப்பு தறிகெட்டுப் போகும். படுக்க வைத்து ஈ.சி.ஜி. எடுத்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்! நடக்க வைத்து, ஓட வைத்து எடுத்தால்தான் நோய் தெரியும். இருதயத் தசைக்குள்ளே கால்சியம் கசிவதே இதன் வேர் என்பது 2001-க்குப் பிறகு விளங்கிற்று.

இதனால் நடக்கும் தவறு என்ன? பிள்ளை விழுகிறது, கைகால் வெட்டி இழுக்கிறது, பிறகு எழுந்துகொள்கிறது. பார்த்தவர்கள் காக்காய் வலிப்பு என்கிறார்கள். வலிப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். இப்படிப் பல ஆண்டுகள் வலிப்பு மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகள் எத்தனையோ நாடுகளில் உண்டு. குறை மூளையில் இல்லை, இருதயத்தில் இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை.

பூட்டுக்குள் போட்ட துரும்பு

இனி மருந்தின் கதை. ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக். வைத்தியம் படித்தவர். இளம் வயதில் சிங்கப்பூரில் மருத்துவக் கல்லூரி ஆசிரியராகவும் வேலை பார்த்தவர். அவருடைய தந்தை மாரடைப்பால் இறந்தார்.

அந்தக் காலத்து டாக்டர்கள் மாரடைப்பு நோயாளிக்கு இருதயத்துக்கு அதிக ரத்தம் கொடுக்க வழி தேடினார்கள். பிளாக் வேறு விதமாக யோசித்தார். இருதயத்தின் வேலையையே குறைத்தால் என்ன? அட்ரினலினின் விரட்டலைத் தடுத்தால் என்ன?

அதற்கு வழி முன்பே காட்டப்பட்டிருந்தது. அட்ரினலின் ஒரு சாவி. உடம்பில் அதற்கு இரண்டு வகைப் பூட்டுகள் உண்டு என்று 1948-ல் அமெரிக்காவில் அல்குவிஸ்டு என்பவர் சொல்லியிருந்தார். அவற்றுக்கு ஆல்பா, பீட்டா என்று பெயர் வைத்தார். இருதயத்தில் இருப்பது பீட்டா பூட்டு. அந்தப் பூட்டுத் துவாரத்தில் ஒரு துரும்பைச் செருகிவிட்டால் சாவி நுழையாது அல்லவா? அந்தத் துரும்பைத்தான் பிளாக் தேடினார்.

முதலில் ஒரு மருந்து கிடைத்தது. அது எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கிற்று. ஆகவே அதைக் கைவிட்டார்கள். 1964-ல் இரண்டாவது மருந்து வந்தது. அதன் பெயர் பிராப்ரனலால். இந்த இன மருந்துகளுக்கு 'பீட்டா தடுப்பான்' என்று பெயர். 1988-ல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மயங்கி விழும் பிள்ளைகளுக்கு இதை விடப் பொருத்தமான மருந்து வேறு என்ன வேண்டும்? பயம் வரும், அட்ரினலின் பாயும், ஆனால் பூட்டு திறக்காது. இத்தாலிய டாக்டர் பீட்டர் சுவார்ட்சும் அமெரிக்க டாக்டர் ஆர்தர் மாசும் 1970-களிலிருந்து இந்தக் குடும்பங்களின் கணக்கைச் சேர்த்து எழுதினார்கள். பீட்டா தடுப்பான் உண்டவர்களில் மரணம் வெகுவாகக் குறைந்தது தெரிந்தது. மருந்துக்கு அடங்காதவர்களுக்கு இருதயத்துக்குப் போகும் இடது பக்கத் தார்க்குச்சி நரம்பையே அறுத்துவிடும் ஆபரேஷனும் வந்தது. மாஸ் அதைப் பற்றி 1971-ல் எழுதினார். தேவைப்பட்டவர்களுக்கு இன்றும் அது செய்யப்படுகிறது.

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கும் பிராப்ரனலால் உதவிற்று. அமெரிக்காவில் 3,837 பேரிடம் செய்த சோதனையின் முடிவு 1981-ல் வந்தது. மருந்து உண்ணாதவர்களில் 100-க்கு 9.8 பேர் இறந்தார்கள். உண்டவர்களில் 7.2 பேர்தான்.

ஒரே மருந்து: எமனும் காவலனும்

துடிப்பை அடக்கும் மருந்தெல்லாம் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கா இதற்குப் பெரிய விலை கொடுத்தது.

மாரடைப்புக்குப் பிறகு சிலருக்கு இடையிடையே தப்புத் துடிப்புகள் வரும். அப்படி வருகிறவர்கள் அதிகமாக இறந்தார்கள். ஆகவே தப்புத் துடிப்பை மருந்தால் அடக்கினால் மரணமும் குறையும் என்று டாக்டர்கள் நம்பினார்கள். நியாயமான எண்ணம்தானே! எங்கெய்னைடு, பிளிகெய்னைடு என்ற இரண்டு மருந்துகள் தப்புத் துடிப்புகளை அழகாக அடக்கின. ஏராளமான பேருக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

பிறகு ஒரு முறையான சோதனை நடந்தது. 755 பேருக்கு இந்த மருந்துகளைக் கொடுத்தார்கள். 743 பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்தார்கள். 1989-ல் அவசரமாக அந்தச் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. வெறும் மாத்திரை உண்டவர்களில் இறந்தவர்கள் 26 பேர். மருந்து உண்டவர்களில் இறந்தவர்கள் 63 பேர்!

அந்தப் பிளிகெய்னைடை அதோடு குப்பையில் போட்டார்களா? இல்லை. 2009-ல் ஒரு புதுமை தெரிந்தது. ஓடினால் விழும் பிள்ளைகளைப் பற்றிக் கூமெல் எழுதினார் அல்லவா? அவர்களில் சிலருக்குப் பீட்டா தடுப்பான் மட்டும் போதவில்லை. அதோடு பிளிகெய்னைடும் சேர்த்துக் கொடுத்தால் துடிப்பு அடங்குகிறது என்று கண்டார்கள். மாரடைப்பால் தழும்பேறிய இருதயத்துக்கு எமனான மருந்து, தழும்பில்லாத பிள்ளை இருதயத்துக்குக் காவலனாயிற்று.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. "பக்கத்து வீட்டுக்காரருக்கும் படபடப்பு, அவர் மாத்திரை எனக்கும் ஆகும்" என்று வாங்கி விழுங்காதீர்கள்.

ஒரே இன மருந்துகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. நீண்ட கியூ-டி நோயாளிகள் 382 பேரின் கணக்கு 2012-ல் வெளிவந்தது. மயக்கம் வந்து சிகிச்சைக்கு வந்தவர்களிடம் பிராப்ரனலாலும் நாடலாலும் நன்றாக வேலை செய்தன. மெட்டோபிரலால் என்ற மற்றொரு பீட்டா தடுப்பான் பின்தங்கிவிட்டது. ஐரோப்பிய இருதய டாக்டர்கள் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இந்த நோய்களுக்கு நாடலால் அல்லது பிராப்ரனலாலையே முன்னால் வைக்கிறது.

உறங்கினவர் எழவில்லை

இதுவரை தார்க்குச்சி நரம்பின் ஆபத்தைப் பார்த்தோம். மூக்கணாங்கயிறு நரம்பு பலமாக இருக்கும் உறக்க நேரத்திலும் சிலருக்கு ஆபத்து உண்டு.

பிலிப்பைன்ஸ் தீவுகளில் 'பங்குங்குட்' என்று ஒரு சொல் உண்டு. தாய்லாந்தில் 'லாய் தாய்' என்பார்கள். திடகாத்திரமான வாலிபன் இரவில் உண்டு உறங்குவான், காலையில் எழமாட்டான். விதவைப் பேய் வந்து ஆண்களைக் கொண்டு போகிறது என்று தாய்லாந்துக் கிராமத்தார் நம்பினார்கள். பேயை ஏமாற்ற ஆண்கள் பெண்களைப் போல் வேஷம் போட்டுக்கொண்டு படுத்ததும் உண்டு!

1981-ல், அமெரிக்காவில் குடியேறிய லாவோஸ் நாட்டு அகதிகள் பலர் இப்படியே இறந்தது செய்தியாயிற்று. 1992-ல் புருகாடா சகோதரர்கள் என்ற டாக்டர்கள் எட்டு நோயாளிகளின் ஈ.சி.ஜி.யில் ஒரு தனி அடையாளத்தைக் காட்டினார்கள். தாய்லாந்து மரணங்களில் பலவற்றுக்கும் அதுவே காரணம் என்று 1997-ல் தெரிந்தது. பேய்க்கு இப்போது பெயர் வந்துவிட்டது: புருகாடா நோய்.

கடுமையான புருகாடா நோய்க்கு நெஞ்சில் ஒரு கருவியைப் பதித்து வைக்கிறார்கள். இருதயம் தறிகெட்டால் அது மின்சார அடி கொடுத்துச் சரிப்படுத்தும். விலை அதிகம். அந்தக் கருவி வைக்க முடியாதவர்களுக்கும், வைத்தும் அடிக்கடி அடி வாங்குகிறவர்களுக்கும் கைகொடுக்கும் மாத்திரை ஒன்று உண்டு. அது குவினிடின்.

குவினிடின் எங்கிருந்து வந்தது? மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா எடுக்கிறார்களே, அந்தச் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து! நம் நீலகிரி மலைக்கு இந்த மரம் புதிதல்ல. 1860-களிலேயே வெள்ளைக்காரர்கள் அங்கே சிங்கோனாவைப் பயிரிட்டார்கள்.

கொயினாவுக்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பைச் சொன்னவர் ஒரு டாக்டர் அல்ல, ஒரு வியாபாரி. டச்சுக்காரர். தமது ஒழுங்கற்ற நாடி கொயினா சாப்பிட்டால் சரியாகிவிடுகிறது என்றார். வெங்கெபாக் என்ற டாக்டர் நம்பவில்லை. மறுநாள் காலையில் நாடியைச் சரியாக்கிக்கொண்டு வந்து காட்டினார் வியாபாரி! வெங்கெபாக் 1914-ல் இதைத் தம் புத்தகத்தில் எழுதினார். 1918-ல் ஜெர்மனியில் பிரே என்ற டாக்டர், கொயினாவின் இனத்தைச் சேர்ந்த குவினிடினே இருதயத்துக்குச் சிறந்தது என்று கண்டார்.

காணாமல் போகும் மருந்து

நூறு ஆண்டு வயதான அந்த மருந்துக்கு நேர்ந்த கதி என்ன? 131 நாடுகளின் டாக்டர்களைக் கேட்டு ஒரு கணக்கு எடுத்தார்கள். முடிவு 2013-ல் வெளிவந்தது. குவினிடின் எளிதாகக் கிடைத்த நாடுகள் 19 மட்டுமே. 99 நாடுகளில் கிடைக்கவே இல்லை. 13 நாடுகளில் தனி அனுமதி வாங்கி வரவழைக்க வேண்டும். அதற்கு 4 நாள் முதல் 90 நாள் வரை ஆகும். இரவில் உயிர் போகும் நோய்க்கு 90 நாள் காத்திருப்பது எப்படி?

நாடலாலுக்கும் இதே குறை உண்டு. பல நாடுகளில் அது கிடைப்பதில்லை என்று இத்துறை நிபுணர்கள் 2017-ல் கவலையோடு எழுதினார்கள்.

மருந்து கெட்டதா? இல்லை. பயன் இல்லையா? உண்டு. பிறகு ஏன் மறைகிறது? கணக்கு மிகவும் சுலபம். புது மருந்துக்குக் காப்புரிமை உண்டு. வேறு யாரும் அதைச் செய்ய முடியாது. விலையைக் கம்பெனி வைக்கும். காப்புரிமைக் காலம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். விலை இறங்கும். இது ஏழைக்கு நல்லது. ஆனால் வாங்குகிறவர்கள் மிகக் குறைவாக இருந்தால்? லாபம் இல்லை என்று கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கிவிடும். கடைசிக் கம்பெனியும் ஒதுங்கினால் மருந்தே இல்லை.

பிராப்ரனலாலுக்கு இந்தக் கதி வரவில்லை. காரணம் உண்டு. ஒற்றைத் தலைவலி, கை நடுக்கம், தைராய்டுக் கோளாறு என்று பல நோய்களுக்கும் அது பயன்படுகிறது. வாங்குகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இருக்கிறது. கூட்டம் இருக்கும் கடைக்குச் சரக்கு வரும். கூட்டம் இல்லாத நோய்க்காரன் என்ன செய்வான்?

இங்கேதான் அரசாங்கம் வர வேண்டும். நம் தமிழ்நாட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்துகளை அது மொத்தமாக வாங்குகிறது. மொத்தமாக வாங்கினால் விலை குறையும். தயாரிக்கிறவருக்கும் வியாபாரம் நிச்சயம். பல மாநிலங்களும் நாடுகளும் சேர்ந்து அரிய நோய் மருந்துகளை இப்படி வாங்கினால், லாபம் இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போகும். ஆயிரம் பேருக்கு வேண்டிய மருந்துக்குத் தனியாக ஒரு நாடு கேட்டால் கம்பெனி திரும்பிப் பாராது. சேர்ந்து கேட்டால் பார்க்கும்.

மறந்துபோன ஒரு வேளை

மருந்து கடையில் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. வீட்டிலும் ஒழுங்கு வேண்டும்.

2009-ல் ஒரு கணக்கு வந்தது. ஓடும்போது விழும் வகை நீண்ட கியூ-டி நோயாளிகள் 216 பேர். எல்லாருக்கும் பீட்டா தடுப்பான் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. அவர்களில் 12 பேருக்கு இருதயம் நின்றது. மருந்து தோற்றுவிட்டதா என்று விசாரித்தார்கள். அந்த 12 பேரில் 11 பேர், மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர்கள் அல்லது இந்த நோய்க்கு ஆகாத வேறு மருந்தைச் சாப்பிட்டவர்கள்! தோற்றது மருந்து அல்ல.

பிள்ளை நன்றாக ஓடியாடுகிறது. மயக்கம் வந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. "இனி எதற்கு மாத்திரை?" என்று தாய் நினைக்கிறாள். பிள்ளை நன்றாக இருப்பதே மாத்திரையால்தான் என்பது தோன்றுவதில்லை. திடீரென்று நிறுத்தினால், அடங்கிக் கிடந்த விரட்டல் இரட்டிப்பு வேகத்தோடு வரும்.

இன்னொன்று. வேறு நோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் கியூ-டி நேரத்தை மேலும் நீட்டிவிடும். எரித்ரோமைசின், அசித்ரோமைசின் முதலிய சாதாரண மருந்துகளும் அவற்றில் சேரும். ஆகவே காய்ச்சலுக்குப் போனாலும் பல் வலிக்குப் போனாலும் "என் பிள்ளைக்கு இன்ன நோய்" என்று முதலில் சொல்லுங்கள். நோயின் பெயரை எழுதிய சீட்டு ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். கடைக்காரரிடம் கேட்டு வாங்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

பிராப்ரனலால் எல்லாருக்கும் ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு முட்டலாம். சிறு குழந்தைகள் வெறும் வயிற்றோடு இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை குறையலாம். டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து இது.

யாருக்கு ஈ.சி.ஜி. வேண்டும்?

இதைப் படித்துவிட்டு யாரும் கலங்க வேண்டாம். மயக்கமெல்லாம் இந்த நோய் அல்ல. வெயிலில் நின்று, பசியோடு நின்று, ஊசியைக் கண்டு மயங்குகிறவர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோருக்குப் பயம் இல்லை. பரீட்சைக்கு முன்னால் நெஞ்சு படபடப்பது இயற்கை.

ஆனால் இவற்றைக் கண்டால் சும்மா இருக்காதீர்கள்:

ஓடிக்கொண்டிருக்கும்போதோ நீந்தும்போதோ பிள்ளை மயங்கி விழுந்தால்;

பயந்தபோது, கோபம் வந்தபோது, திடீர் ஓசை கேட்டபோது விழுந்தால்;

குடும்பத்தில் இளம் வயதில் யாராவது காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருந்தால்;

வலிப்பு என்று மாத்திரை கொடுத்தும் விழுவது நிற்காவிட்டால்;

பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கு மயக்கமும் வந்தால்.

கடைசியாகச் சொன்னது நம் நாட்டில் முக்கியம். ஜெர்வெல் கண்ட நோய் தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறை சேர்ந்து வந்தால்தான் வரும். மாமன், அத்தை வழியில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இப்படிச் சேருவதற்கு வாய்ப்பு அதிகம்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுங்கள். அதில் ஒன்றும் தெரியாவிட்டால், ஓட வைத்து எடுக்கும் சோதனை வேண்டுமா என்று இருதய டாக்டரைக் கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு நோய் உண்டு என்று தெரிந்தால் உடன்பிறந்தவர்களையும் பெற்றோரையும் பார்க்க வேண்டும்.

ஜப்பானில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இருதயத்தைச் சோதிக்கும் வழக்கம் 1973-ல் தொடங்கிற்று. இத்தாலியில் போட்டி விளையாட்டுக்காரர்களுக்கு 1982 முதல் ஈ.சி.ஜி. கட்டாயம். அங்கே வெனெட்டோ பகுதியில், 1979-80-ல் ஆண்டுக்கு லட்சம் விளையாட்டு வீரர்களில் 3.6 பேர் திடீரென்று இறந்தார்கள். 2003-04-ல் அது 0.4 ஆகக் குறைந்தது. எல்லாருக்கும் எடுத்தால் செலவு அதிகம், நோயில்லாதவரையும் நோயாளி ஆக்கிவிடும் என்று அமெரிக்க டாக்டர்கள் பலர் வாதிக்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. எல்லாருக்கும் முடியாவிட்டால் போகட்டும். ஓடும்போது விழுந்த பிள்ளைக்காவது எடுக்கலாம் அல்லவா? அதில் இரண்டு கருத்து இல்லை.

யாராவது விழுந்து, கூப்பிட்டும் அசையாமல், மூச்சும் இல்லாமல் கிடந்தால் தண்ணீர் தெளித்துக்கொண்டும் கையில் இரும்பைக் கொடுத்துக்கொண்டும் நிற்காதீர்கள். ஒருவர் 108-ஐ அழையுங்கள். மற்றொருவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை பலமாக, வேகமாக அழுத்துங்கள். வண்டி வரும் வரை நிறுத்தாதீர்கள்.

லீப்சிக் சிறுமியின் பெற்றோர் மூன்று பிள்ளைகளை இழந்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. அன்று யாருக்கும் ஒன்றும் தெரியாது, மருந்தும் இல்லை. இன்று நாம் அப்படிச் சொல்ல முடியாது. காரணம் தெரியும். மாத்திரை இருக்கிறது. அது கடையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது அரசாங்கத்தின் கடமை. அது தினமும் பிள்ளையின் வாய்க்குள் போகும்படி பார்த்துக்கொள்வது நம் கடமை.